பாடம் யாருக்கு? – காஞ்சிபுரத்துப் பால்வாடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வரலாறு



காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் நாங்கள் சிலர் சேர்ந்து மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தி வருகிறோம். அந்த வேலையாக ஒரு கிராமத்துப் பால்வாடிக்குப் போயிருந்தோம். மதியச் சாப்பாட்டு நேரம். காலனியிலிருந்து வரும் நாலு வயதுப் பெண் குழந்தை தட்டோடு வந்து ஊர்ப் பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தான். "ஏன்டா தம்பி?" என்று கேட்டோம். "பாட்டி திட்டும்" என்றான். அடுத்த நாள் அவள் தானாகவே கதவோரம் போய் உட்கார்ந்தாள். அங்கே போ என்று யாரும் சொல்லவில்லை.

டீச்சரிடம் கேட்டோம். "சின்னப் பிள்ளைங்க சார், அதுங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். மாலையில் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தோம். "நான் தினமும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, துவைச்ச சட்டைதான் போட்டு அனுப்புறேன். இன்னும் சுத்தமா அனுப்பணும் போல" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கடைசி வாக்கியம்தான். தட்டை நகர்த்தியவன் ஒரு குழந்தை, பாடம் கற்றுக்கொண்டது இன்னொரு குழந்தையின் தாய். ஏன் இப்படி? ஒவ்வொரு முறையும் திருந்த வேண்டியது நாம்தான் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் பெரும்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணிலேயே நடந்திருக்கிறது. காஞ்சிபுரம் அன்று அதன் ஒரு தாலுகா.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்கள்

ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837-ல் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னாளில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1838-ல் பறையர் சிறுவர்கள் சிலர் அங்கே சேர்ந்து படிப்பது தெரியவந்தது. சாதி இந்து வீடுகள் கொதித்தன. அவர்களை வெளியே அனுப்பு, இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றன. ஆண்டர்சன் மறுத்தார். மாணவர்கள் பலர் விலகினார்கள், பள்ளியே ஆட்டம் கண்டது. ஆனாலும் அந்தச் சிறுவர்கள் வெளியேற்றப்படவில்லை. அடுத்த ஆண்டு, 1839-ல், அந்த மிஷனின் கிளைப் பள்ளி காஞ்சிபுரத்தில் திறக்கப்பட்டது. ஆண்டர்சன் பெயரில் அந்தப் பள்ளி இன்றும் இங்கே இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் யார் என்று அதற்கு முன்பு தெரியாது. சேர்ந்து படித்தார்கள், எந்தத் தொந்தரவும் இல்லை. வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த பிறகுதான் தீட்டு வந்தது. சாதி குழந்தையோடு பிறப்பதில்லை, வீட்டில் சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

உள்ளே நுழைந்த நம் பிள்ளைகளின் பாடு எப்படி இருந்தது? இதே செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டம் கோழியாளத்தில் 1860-ல் பிறந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றித் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். சுமார் நானூறு பிள்ளைகள் படித்த பள்ளி. பத்துப் பேர் நீங்கலாக மற்றவர்கள் எல்லாம் பார்ப்பனர். தன் சாதியும் உறவும் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். பள்ளி விட்டதும் மற்றவர்கள் கூட வந்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார். பிள்ளைகளோடு விளையாட முடியவில்லையே என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு உட்கார்ந்த தலைவரின் பிள்ளைப் பருவம் இது.

தனிப் பள்ளி என்ற பதில்

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்துக்கு 1892-ல் வழிவகுத்தது அதுதான் என்று நமக்குத் தெரியும். அதே அறிக்கை கல்வியையும் பேசியது என்பதை நாம் அதிகம் நினைவில் வைப்பதில்லை. அதன் தொடர்ச்சியாக 1893 பிப்ரவரியில் சென்னை அரசு வெளியிட்ட கல்வித் துறை ஆணை எண் 68, பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்று பேசப்பட்டது. தனிப் பள்ளிகள், சிறப்பு மானியம், ஆசிரியர் பயிற்சிக்கு உதவி என்று பலதும் அதில் இருந்தன.

நம் முன்னோர்கள் இதற்காக மனுக்கள் எழுதினார்கள், கூட்டங்கள் போட்டார்கள். பண்டிதர் அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டைச் சந்தித்துப் பேசினார். 1894-ல் அடையாறில் ஆல்காட் ஒரு பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கினார், பிறகு அது ஐந்து பள்ளிகளாக வளர்ந்தது. அங்கே சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கிண்டர்கார்டன் முறையில், விளையாட்டும் பாட்டும் கைவேலையுமாகப் பாடம் நடந்தது. அந்த அனுபவத்தை அப்பள்ளிகளை நடத்திய கோர்ட்ரைட் அம்மையார் 1906-ல் புத்தகமாகவே போட்டார். இன்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளிகள் பெருமையாகச் சொல்லும் முறையை, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே சேரிக் குழந்தைகள் கற்றிருக்கிறார்கள்.

இவற்றின் பயனை நாம் குறைத்துப் பேச முடியாது. இந்தப் பள்ளிகள் இல்லாமல் நம்மில் பலர் எழுத்தைத் தொட்டிருக்க மாட்டோம். ஆனால் அரசு தேர்ந்தெடுத்த வழி எது என்று பாருங்கள். உள்ளாட்சி அமைப்புகள் நடத்திய பொதுப் பள்ளிகள் பல அக்ரஹாரத்திலும் கோயிலை ஒட்டியும் சாவடியிலும் இருந்தன. நம் பிள்ளைகள் அந்தத் தெருவிலேயே நடக்க முடியாது. பொதுப் பள்ளியின் கதவைத் திறக்க வைப்பது கஷ்டம், சேரியில் தனியாக ஒன்று கட்டுவது சுலபம். அரசு சுலபமானதையே அதிகம் செய்தது. பின்னால் தொழிலாளர் துறை நடத்திய லேபர் பள்ளிகளும், அவற்றின் வழி வந்த ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இந்த வரிசையில் வந்தவை. நாம் படித்தோம். ஆனால் நம்மோடு சேர்ந்து படிக்க ஊர்ப் பிள்ளை கற்றுக்கொள்ளவில்லை. அவனுக்கு அந்தத் தேவையே வரவில்லை.

முதலில் குளித்துவிட்டு வா

1907-ல் ஆல்காட் இறந்தார். தியாசபிகல் சங்கத்தின் தலைவரானார் அன்னி பெசன்ட். பஞ்சமர் பள்ளிகளை நடத்திய அதே சங்கம். 1909-ல் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றம் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். நம் பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். அவர்கள் உடலும் உணவும் பழக்கமும் சுத்தமாக வேண்டும், அதற்குத் தலைமுறைகள் ஆகும், அதுவரை தனியே இருக்கட்டும் என்றார். அண்ணல் அம்பேத்கர் 1945-ல் வெளியிட்ட காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்ததைப் பற்றிய நூலில், இந்தக் கட்டுரையை நீளமாக எடுத்துப் போட்டிருக்கிறார். எதிரிகள் மட்டுமல்ல, நண்பர்கள் என்று வந்தவர்களும் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

சுத்தத்தைப் பற்றி நமக்குப் பாடம் எடுத்தவர்கள், குளத்திலும் கிணற்றிலும் நமக்குத் தண்ணீர் மறுத்தது யார் என்று ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்களா? இல்லை. பவுடர் போட்டு அனுப்பும் அந்த அம்மா அன்னி பெசன்ட்டைப் படித்ததில்லை. ஆனால் 1909-ன் பாடம் அவர் வீட்டு வாசல்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

நம்மவர்கள் செய்தது வேறு. பரங்கிமலையில் பிறந்து ஆசிரியராக வேலை பார்த்து, சென்னைச் சட்டமன்றத்தில் நம் குரலாக ஒலித்தவர் எம்.சி. ராஜா. அவரும் ஆர். ரங்கநாயகி அம்மாளும் சேர்ந்து குழந்தைப் பாடல்களைத் தொகுத்து 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். சேரிக் குழந்தைக்கு என்றோ ஊர்க் குழந்தைக்கு என்றோ பிரிக்கவில்லை, தமிழ் பேசும் எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தார்கள். இன்றும் பால்வாடியில் கைதட்டிப் பாடும் பாடல்கள் சில அதில் இருக்கின்றன. இந்தச் செய்தி எத்தனை பால்வாடி டீச்சர்களுக்குத் தெரியும்?

காஞ்சிபுரம், நவம்பர் 1925

மேல் சாதிக் குழந்தை என்ன கற்கிறது என்ற கேள்வி தமிழ்நாட்டு அரசியலை ஒரே ஒருமுறை உலுக்கியது. வ.வே.சு. அய்யர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகள் இருவர் தனியே சாப்பிட ஏற்பாடு இருந்தது. தேச விடுதலைக்கு ஆள் தயார் செய்ய, பொதுப் பணத்தில் நடந்த இடம் அது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேள்வி கேட்டார்கள். பந்தியில் பிரித்து உட்கார வைத்துவிட்டு எந்தத் தேசத்தைக் கற்றுக் கொடுக்கப் போகிறாய் என்பதுதான் அந்தக் கேள்வி. தமிழ்நாடு காங்கிரஸ் இரண்டு பட்டது. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரத்தில் திரு.வி.க. தலைமையில் நடந்த மாநாட்டில், பெரியாரின் வகுப்புவாரித் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் வெளியேறினார். அதற்குப் பிந்திய அரசியல் உங்களுக்குத் தெரியும்.

ஒரு சாப்பாட்டுப் பந்தி இவ்வளவு பெரிய மாற்றத்துக்குக் காரணமானது என்பதை மதிக்கிறோம். அதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த விவாதம் பார்ப்பனர் – பார்ப்பனரல்லாதார் என்ற கோட்டில்தான் நடந்தது. நம் குழந்தை அந்தப் பந்தியின் பேச்சில் மையமாக வரவில்லை. பார்ப்பனப் பிள்ளையைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வியை, பார்ப்பனரல்லாத சாதி இந்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கும் வேலை பாக்கி நின்றது. இன்றைக்கு நாங்கள் பார்த்த பால்வாடியில் தட்டை நகர்த்திய பையனும் பார்ப்பனன் அல்ல.

தறியடியில் ஒரு குழந்தை

காஞ்சிபுரம் என்றால் பட்டு. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும். நெய்பவர் ஒருவர் போதாது, பக்கத்தில் கரைக்கு நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். பல பத்தாண்டுகள் அந்த இன்னோர் ஆள் ஒரு குழந்தையாக இருந்தது. வீட்டில் ஒரு நோய், ஒரு கல்யாணம் என்றால் தறிக்காரரிடம் முன்பணம் வாங்குவார்கள். கடன் தீரும்வரை பிள்ளை தறியடியில் உட்காரும். கூலி குறைவு என்பதால் கடன் தீராது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லும் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லும் வந்தும் இது தொடர்ந்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. அப்படி அடிமைப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் தலித்துகளும் முஸ்லிம்களும் என்றது அது.

மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. தறியை விட்டு ஒரு தலைமுறை வெளியே வந்தது பெரிய வெற்றி. அதற்காகத் தெருத்தெருவாக அலைந்தவர்களை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் மீண்டும் அதே கதைதான். விழிப்புணர்வு முகாம் யாருக்கு நடந்தது? நம் அப்பா அம்மாவுக்கு. "பிள்ளையைப் படிக்க வையுங்கள்" என்று சொன்னார்கள். தன் வயதுப் பிள்ளை தன் வீட்டுத் தறிக் குழியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போய்வந்த தறிக்காரர் வீட்டுக் குழந்தை என்ன கற்றுக்கொண்டது என்று எந்த முகாமிலும் யாரும் கேட்கவில்லை.

ஒரே சோறு

சேர்ந்து உட்கார வைத்ததில் தமிழ்நாட்டில் எதுவும் சாதித்திருக்கிறது என்றால் அது சோறுதான். 1920-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில் தொடங்கியது, 1956-ல் காமராசர் காலத்தில் மாநிலம் முழுக்கப் போனது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்தில் இரண்டு வயதிலிருந்தே பால்வாடிக் குழந்தைகளும் சேர்ந்தார்கள். 2022-ல் காலை உணவும் வந்தது.

அதனால்தான் சாதி அங்கேயே வந்து நின்று தடுக்கிறது. சத்துணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2018-ல், திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்க வந்தார் என்பதற்காகச் சாதி இந்துக்கள் பள்ளியையே மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது என்ன? அந்தச் சமையலரை இடம் மாற்றினார்கள். போராட்டம் எழுந்த பிறகுதான் அது ரத்தானது. 2022-ல் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப் போன நம் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்களுக்குக் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். அதை அவரே படம் பிடித்துப் பரப்பினார். பிறகு கைதானார். அந்த வீடியோவில் நம்மைத் தூங்க விடாதது, ஒன்றும் புரியாமல் நின்ற அந்தப் பிள்ளைகளின் முகம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டு 2024-ல் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி அடையாளம் கூடாது, அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. வரவேற்கிறோம். ஆனால் அரிவாள் பிடித்த கை, நாலு வயதில் தட்டை நகர்த்திய கையாகவும் இருந்திருக்கும். கயிறு கட்டும் வயதில் தொடங்குவது தாமதம்.

சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

நிறையத் தெரியும் என்பதை அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் நிரூபித்தது. 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் கறுப்பினக் குழந்தைகள் முன்னால் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்தார்கள். எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை இருந்த அந்தக் குழந்தைகளில் பலர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். தனிப் பள்ளி சட்டவிரோதம் என்ற 1954-ம் ஆண்டு பிரவுன் வழக்குத் தீர்ப்பில் அந்த ஆய்வும் இடம்பெற்றது.

சமூகவியல் வகுப்பில் நாங்கள் இதைப் படித்தபோது, பாதிக்கப்பட்ட குழந்தையின் மனம் என்ற அளவில்தான் பேசினார்கள். அடுத்த படியை 1989-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் எடுத்தார். மழலையர் வகுப்பில் பாகுபாட்டை எதிர்க்கக் கற்பிப்பது எப்படி என்று ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு வழிகாட்டியைக் கொண்டுவந்தார். எல்லாக் குழந்தைக்கும் நான்கு விஷயம் வேண்டும் என்பது அந்த வழியின் அடிப்படை. தன்னைப் பற்றிப் பெருமை வேண்டும், ஆனால் அடுத்தவரைவிட மேல் என்ற எண்ணம் கூடாது. வேறு மாதிரி இருப்பவரோடு கூச்சமில்லாமல் பழக வேண்டும். அநியாயம் நடந்தால் அநியாயம் என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லவும் வேண்டும்.

நம் ஊரில் என்ன இருக்கிறது? தீண்டாமை பாவம், குற்றம் என்று பாடநூலின் முன்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பால்வாடிப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டவே தெரியாது. அது படிப்பது யார் எங்கே உட்கார்கிறார்கள், யார் டம்ளர் எங்கே இருக்கிறது, ஆயா யாரைத் தூக்கிக் கொஞ்சுகிறார், யாரைத் தூக்குவதில்லை என்பதைத்தான்.

நாம் செய்ய வேண்டியது

அந்தக் கிராமத்தில் நாங்கள் பெரிதாக எதுவும் சாதித்துவிடவில்லை. டீச்சரிடம் மூன்று முறை பேசினோம். தினம் ஒரு பிள்ளை தட்டுகளை வரிசையாக வைக்க வேண்டும், வைத்த இடத்தில்தான் எல்லோரும் உட்கார வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைத்தார். அந்தப் பெண் குழந்தையின் முறை வந்த நாளில் நாங்கள் போயிருந்தோம். தன் தட்டை நடுவில் வைத்தாள். பையன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். முட்டையை யார் முதலில் முடிப்பது என்று போட்டி வேறு. மறுவாரம் பாட்டி வந்து சத்தம் போட்டார். டீச்சர் நின்றார். இரண்டு நாள் அந்தப் பையன் வரவில்லை, மூன்றாம் நாள் வந்தான். 1838-ல் நடந்ததும் இதுதான். நிற்க வேண்டியவர் நின்றால் போதும்.

ஆனால் ஒரு டீச்சரின் நல்ல மனதை நம்பி விட்டுவிட முடியாது. அரசியல் சட்டத்தின் 45-ம் பிரிவு, 2002 திருத்தத்துக்குப் பிறகு, ஆறு வயதுவரை எல்லாக் குழந்தைகளின் பராமரிப்பையும் கல்வியையும் அரசின் கடமையாகச் சொல்கிறது. அதை வைத்து நாம் கேட்க வேண்டும். பால்வாடி டீச்சருக்கும் ஆயாவுக்கும் தரும் பயிற்சியில் சாதி பற்றிய பாடம் இருக்க வேண்டும். காலனியில் பால்வாடி இருந்தால் ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்களா என்று கணக்கெடுக்க வேண்டும். சமையலில் தலித் பெண்களுக்கு உள்ள முன்னுரிமை காகிதத்தோடு நிற்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் பால்வாடிக்கு ஒரு மதியம் போய் உட்காருங்கள். யார் எங்கே உட்கார்கிறார்கள் என்று நோட்டில் படம் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாளும் போங்கள். பிறகு டீச்சரிடம் பேசுங்கள். உங்கள் அக்காவிடமும் பேசுங்கள். பிள்ளையை இன்னும் சுத்தமாக அனுப்ப வேண்டியதில்லை, அவள் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். பாடம் வேண்டியது தட்டை நகர்த்தும் பிள்ளைக்கும் அவன் வீட்டுக்கும்.

ஜெய்பீம்.